"எல்லா விளையாட்டும் ஓடும்" என்று சொல்லி விற்காதீர்கள்

"எல்லா விளையாட்டும் ஓடும் சார், தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். வழக்கமான எக்ஸ்86 வகைக்குப் பதில் ஆர்ம் வகைச் செயலி பொருத்திய விண்டோஸ் லேப்டாப். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் இரண்டு இரவு கண்விழித்து 60 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கி, ஆசையோடு திறந்தால் திரையில் ஒரு சின்னப் பெட்டி: விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுவோரைப் பிடிக்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இந்தக் கணினியில் இயங்காதாம். அடியில் "சரி" என்று ஒரே ஒரு பொத்தான். எது சரி? என் பணமும் இரண்டு இரவும் போனதா?

விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். "குறைந்தபட்சத் தேவைகளைப் பாருங்கள்" என்று பதில். பார்த்துவிட்டுத்தானே வாங்கினேன்! "விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல், 64 பிட்" என்று போட்டிருக்கிறார்கள். என்னுடையதும் விண்டோஸ் 11, 64 பிட்தான். ஆர்ம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

காரணம் அவர்களுக்குத் தெரியாததா? எக்ஸ்86 செயலிக்கு எழுதிய சாதாரண நிரலை எமுலேட்டர் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் ஆர்ம் கட்டளைகளாக மாற்றி ஓட்டிவிடும். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோ கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், நுழையும் டிரைவர். அதை அப்படி மாற்ற வழியில்லை. அதை ஆர்முக்கென்றே தொகுத்துத் தர வேண்டும். மூல நிரல் அவர்கள் கையில்தானே இருக்கிறது?

ஓடுகிற விளையாட்டிலும் நிம்மதி இல்லை. பழைய ஒற்றையாள் விளையாட்டு ஒன்றில் கதவைத் திறக்கிறேன். படம் அரை நொடி உறைகிறது, இசை ஒரே சுரத்தில் சிக்கி "டர்ர்ர்" என்கிறது, மீண்டு வருவதற்குள் என் வீரன் செத்துக் கிடக்கிறான். அதே கதவு மறுமுறை தங்குதடையின்றித் திறக்கிறது. நிரலின் அந்தப் பகுதியை முதல்முறை தொடும்போதுதான் மொழிபெயர்ப்பு நடக்கிறது. பிறகு சேமித்து வைத்ததே போதும். அந்த மொழிபெயர்ப்பும் எளிதல்ல: எக்ஸ்86 கட்டளை 1 பைட்டிலும் இருக்கும், 15 பைட்டிலும் இருக்கும். 64 பிட் ஆர்மில் எல்லாமே 4 பைட். நினைவகத்தில் எழுதும் வரிசையில் எக்ஸ்86 கறார், ஆர்ம் தளர்வு. அந்தக் கறாரைக் காப்பாற்றவே ஆப்பிள் தன் எம்1 சில்லில் தனி வசதி வைத்தது. இத்தனையையும் ஓட ஓடச் சமாளிக்கும் எமுலேட்டரை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் கோபம் அவர்கள்மேல் இல்லை.

எமுலேட்டர் இருக்கிறதே என்று கைகட்டி நிற்பவர்கள்மேல்தான் கோபம். அது என்றென்றும் இருக்குமா? ஆப்பிள் மேக்கின் பழைய பவர்பிசி செயலிக்கு எழுதிய நிரல்களை இன்டெல் மேக்கில் ஓட்ட 2006இல் ரொசெட்டா என்ற எமுலேட்டர் வந்தது; 2011இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு அது போயிற்று. லயனுக்கு மாறியவர்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டுகளும் அதோடு போயின.

பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆர்மில் ஓடாது என்ற ஒரு வரியை வாங்கும் பொத்தானுக்கு மேலேயே போடச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். போடும்வரை வாரம் ஒரு கடிதம் போகும்.