வாயுவுக்குப் பயந்து பயறை விடாதீர்கள்

பால், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுத் தாவர உணவுக்கு மாறுகிறவர்கள் என் வட்டத்தில் இப்போது நிறையப் பேர். மாறிய கொஞ்ச நாளிலேயே பலரிடமிருந்தும் ஒரே புகார்தான் வருகிறது. வயிறு உப்புசம், கடமுடா சத்தம், நாலு பேர் நடுவில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இதற்கு இரண்டு இடத்திலிருந்து பதில் கிடைக்கிறது. வீட்டுப் பெரியவர்கள், "அப்பவே சொன்னேன், கொண்டைக்கடலை வாயு, மொச்சை வாயு. பேசாம ரசஞ்சோறு சாப்பிடு" என்கிறார்கள். வாட்ஸாப் குழுவின் வீகன் வாத்தியார்களோ, "பயப்படாதீங்க, உடம்புல தேங்கின நச்சு வெளியேறுது" என்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக எரிச்சல். பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மையாவது இருக்கிறது.

நடப்பது இவ்வளவுதான். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்க ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதனின் சிறுகுடலில் அது சுரப்பதில்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, ஒலிம்பிக் ஓடுகிறவருக்கும் இல்லை. ஆகவே அந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மட்டும் மீத்தேன் வருகிறது. அதே வேலையில்தான் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முக்கியச் சாப்பாடு அந்த பியூட்டிரேட்தான். வாயு வேண்டாம், பியூட்டிரேட் மட்டும் போதும் என்று பாக்டீரியாவிடம் பேரம் பேச முடியாது. இதில் நச்சும் இல்லை கிச்சும் இல்லை.

அந்த மூன்று வாயுவுக்கும் வாசனையே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் மைக்கேல் லெவிட் என்ற மருத்துவரின் குழு ஆரோக்கியமான 16 பேருக்கு பின்டோ பீன்ஸ் (ராஜ்மா மாதிரி ஒரு பயறு) கொடுத்து, வெளியேறிய வாயுவைக் குழாய் வைத்துப் பிடித்து, இரண்டு நடுவர்களை முகர்ந்து பார்த்து மதிப்பிட வைத்தது. (அந்த இரண்டு பேருக்கும் என்ன சம்பளம் கொடுத்தார்களோ!) நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள், அதிலும் முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று தெரிந்தது. முட்டை, கறி, முட்டைக்கோஸ், முள்ளங்கி, பூண்டு இவற்றில் கந்தகம் அதிகம். சுண்டல் பெரும்பாலும் அளவைத்தான் கூட்டும். ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை காற்றுப் பிரிவது நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கும் சகஜம்தான். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

இது பழகுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பழகும். அமெரிக்காவில் நடந்த மூன்று உணவுச் சோதனைகளைச் சேர்த்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. தினமும் அரை கப் பயறு. பின்டோ பீன்ஸ், பேக்டு பீன்ஸ் சாப்பிட்டவர்களில் முதல் வாரத்தில் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. காராமணி சாப்பிட்டவர்களில் வெறும் 19 சதவீதம். அப்படிச் சொன்னவர்களிலும் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அடங்கிவிட்டது என்றார்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு: பயறே தராமல் வேறு உணவு கொடுத்துப் பார்த்தபோதும் 3 முதல் 11 சதவீதம் பேர் வாயு கூடிவிட்டது என்றிருக்கிறார்கள்! வாயு வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தாலே பாதி வந்துவிடும் போலிருக்கிறது.

அதற்காக எல்லாம் மனப்பிரமை என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரையிலும், நார்ச்சத்து மிகுந்த உணவிலேயே தாவரப் புரதம் தூக்கலாக இருந்ததைச் சாப்பிட்டவர்களுக்கு, மாவுச்சத்து தூக்கலாக இருந்ததைவிட உப்புசம் கூடுதலாக வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது. வெள்ளைச் சோறு, ஒரு கரண்டி பொரியல், மைதா பரோட்டா என்று காலம் தள்ளியவருக்கு அதில் பாதி கிடைத்திருந்தாலே அதிகம். அவர் திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலையில் முளைப்பயறு, மதியம் ராஜ்மா, சாயங்காலம் சுண்டல், ராத்திரி சன்னா என்று இறங்கினால் வயிறு என்ன செய்யும்? ஒரு கரண்டியில் ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, தண்ணீரும் கூடக் குடித்தால் இந்தப் புகாரில் பெரும்பகுதி வராது.

மீதியைச் சமையலறையிலேயே முடித்துவிடலாம். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டால், காலையில் தண்ணீர் மஞ்சளாக, லேசாக வழவழப்பாக, ஓரத்தில் குமிழி கட்டி நிற்கும். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு அதில்தான் கரைந்து கிடக்கிறது. கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் வேகவிட வேண்டும். "சத்து போயிடுமே" என்று அதையே குக்கரில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் வைட்டமின் போகும்தான். வயிற்று உபத்திரவம் தாங்காமல் கடலையையே நிறுத்தினால் மொத்தமும் போகும். எத்தனை விசில் விட்டாலும் ராஃபினோஸ் சூட்டில் பெரிதாக அழியாது. கரைந்துதான் வெளியேற வேண்டும். பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரைதான் வாயு என்று வழித்து எடுக்கிறார்களே, அது புரதமும், சாப்போனின் என்ற சோப்பு மாதிரி நுரைக்கும் தாவரப் பொருளும் சேர்ந்த நுரை. எடுத்தால் அடுப்பு அழுக்காகாது, வேறு லாபமில்லை. சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பச் சோடா போடுவதை மட்டும் நிறுத்துங்கள், பி1 வைட்டமின் வீணாகிறது.

முளைகட்டுவது இன்னும் நல்லது. நம் குடலில் இல்லாத அந்த நொதி பயறுக்குள்ளேயே இருக்கிறது. முளைவிடும்போது அது விழித்துக்கொண்டு ராஃபினோஸை உடைத்துத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. பச்சையாகத் தின்னாமல் ஆவியில் ஒரு சுற்று வைத்துச் சாப்பிடுங்கள். இட்லி மாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். உளுந்தின் சர்க்கரையில் ஒரு பகுதியை பாக்டீரியா நமக்கு முன்பே தின்று, வாயுவைப் பாத்திரத்திலேயே விட்டுவிடுகிறது. மாவு பொங்குவதே அதனால்தான். வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் மொச்சையை ஊறவைத்து ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிதுக்கித் தோலெடுத்துக் குழம்பு வைப்பார்கள். டிவி பார்த்துக்கொண்டே பிதுக்கினாலும் விரல் நுனி சுருங்கிப்போகும். ஆனால் மொச்சை ஒத்துக்கொள்ளாது என்கிறவர்கள்கூட அந்தக் குழம்பை ஒரு கை பார்ப்பார்கள்.

அப்புறம், குற்றவாளி பயறுதானா என்றும் பாருங்கள். சாம்பார் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றால் துவரம்பருப்பைத்தான் திட்டுகிறோம், அதில் கை நிறையப் போட்ட சின்ன வெங்காயத்தை விட்டுவிடுகிறோம். வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான் என்ற இன்னொரு செரிக்காத சர்க்கரை உண்டு. இவற்றையெல்லாம் ஃபாட்மேப் என்று தொகுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார். எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கு இவற்றைக் குறைத்துச் சாப்பிடும் உணவு முறை உதவுகிறது. ஆனால் அது கொஞ்ச காலம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை. உணவியல் நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் எண்ணெயில் பூண்டை வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வாசனை கிடைத்துவிடும்.

பாலும் இருக்கிறது. தென்னிந்தியாவில் வளர்ந்தவர்கள் பலருக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. தினம் நாலு காபி குடித்துவிட்டுப் பழி பருப்பின் மேல். வீகன் ஆனதும் வயிறு லேசாகிவிட்டது என்று சிலர் சிலிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெருங்காயம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கும் பெருங்காயம் பிடிக்கும், ஆனால் கடை டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி மாவும் பிசினும்தான். ஒரு சிட்டிகையை நம்பி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் இருக்காதீர்கள்.

மெடிக்கலில் 'கேஸ் மாத்திரை' என்று வாங்குகிறோமே, பாண்டோபிரசோல், ஒமிப்ரசோல், அவை வயிற்றின் அமிலத்தைக் குறைப்பவை. பெருங்குடல் வாயுவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, கையோ தாடையோ வலிக்கிறது என்றால் 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, ஐம்பது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து விடாமல் நீடிக்கும் உப்புசம் இதெல்லாம் மொச்சையின் வேலையில்லை. அந்த உப்புசத்துக்குப் பின்னால் சினைப்பைப் புற்றுநோய்கூட இருக்கலாம், டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கமென்டில் சோயா பற்றிக் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். டோஃபு செய்யும்போது அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது, ஆகவே பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மீல்மேக்கர் எண்ணெய் எடுத்த சோயா மாவு, சர்க்கரை அதிலேயே தங்கிவிடும். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, இன்னொரு தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள்.