எடை மெஷின் எங்கே இருக்கிறது?

பெரியம்மாவின் ரவிக்கையில்தான் முதலில் தெரிந்தது. இரண்டு பக்கமும் உள்தையல் பிடித்திருந்தது, அதற்கு மேலும் முதுகில் ஒரு ஊக்கு. முப்பது வருடம் மயிலாப்பூரில் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் அவர். "என்ன பெரியம்மா, இப்படி இளைச்சிட்டீங்க?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அக்கா சொன்னார்: "வயசானா அப்படித்தாம்மா, உடம்பு வத்திப் போயிடும்."

அந்த ஒரு வார்த்தையோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

மேடவாக்கம் பக்கம் உள்ள இல்லம். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். சேர்க்கும்போது எழுதிய எடை 52 கிலோ. அதன் பிறகு ஐந்து மாதமாக யாருமே எடை பார்க்கவில்லை. மெஷின் எங்கே என்று கேட்டால், ஆபீஸ் மேஜைக்கு அடியிலிருந்து பேட்டரி தீர்ந்த ஒன்றை எடுத்தார்கள். கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வந்து பார்த்தோம். 44. ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கடுமையான ஊட்டக் குறைவின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியம்மாவுக்குப் பதினைந்து சதவீதம் போயிருந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் மாதாமாதம் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறார்கள். எடைக்கு மட்டும் அந்த நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

அடுத்த நாள் லீவு போட்டு மதியச் சாப்பாடு வரை அங்கேயே இருந்தேன். பன்னிரண்டே காலுக்குத் தட்டு வந்தது. சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம், மோர். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது. ஆனால் பீன்ஸ் வேகவில்லை, பெரியம்மாவுக்குக் கீழ்ப் பல்செட் ஆடுகிறது. உடம்பு இளைத்தால் ஈறும் வற்றும், பல்செட் இன்னும் லூசாகும், அதனால் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். கை நடுக்கத்தில் ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. ஆறு வாய் ரசம் சாதம், ஒரு மடக்கு மோர். பன்னிரண்டே முக்காலுக்குத் தட்டை எடுத்துவிட்டார்கள். நோட்டில் எழுதினார்கள்: "மதியம் - சாப்பிட்டார்."

அந்த அக்கா மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த ஹாலில் பதினோரு பேருக்கு அவர் ஒருத்தர். நாலு பேருக்கு ஊட்டிவிட வேண்டும். மறதி நோய் வந்தவருக்கு ஒரு வேளை பொறுமையாக ஊட்ட அரை மணி நேரம் ஆகும். உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஒரு மணி நேரத்தில் நாலு பேருக்கு இதை எப்படிச் செய்வார்? அங்கே சோறு இருக்கிறது, அதை ஊட்டக் கைதான் போதவில்லை.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. "வயசானவங்களுக்கு அரை வயிறு போதும்", "ராத்திரி வயித்தைக் காயப் போடணும்" என்று சொல்லியே வளர்ந்திருக்கிறோம். உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி. நீர்க்கக் கரைத்த கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயதானால் கலோரித் தேவை கொஞ்சம் குறையும், புரதத் தேவை குறையாது. கிலோவுக்குக் குறைந்தது ஒரு கிராம் வேண்டும், இளைத்துப் போனவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை. அப்படியானால் 44 கிலோ பெரியம்மாவுக்கு ஒரு நாளைக்கு 53 கிராமாவது உள்ளே போக வேண்டும். அவர் சாப்பிட்ட அளவை வைத்துக் கூட்டினேன், 25 வருவதே சந்தேகம். இரவுச் சாப்பாடு ஆறரைக்கு, காலை டிபன் எட்டரைக்கு. நடுவே பதினாலு மணி நேரம் வெறும் வயிறு. தசை கரையாமல் என்ன செய்யும்? தசை கரைந்தவர் பாத்ரூமில் தடுக்கி விழுகிறார், இடுப்பு உடைகிறது, படுக்கைப் புண் ஆற மாட்டேன் என்கிறது. கடைசியில் காரணம் "முதுமை" என்று எழுதிவிடுகிறோம்.

அப்புறம் நம் பிறந்தநாள் சாப்பாடு. நானே இரண்டு முறை ஸ்பான்சர் செய்திருக்கிறேன். வடை, பாயசம், அப்பளம், இலை நிறைய. பல் இல்லாதவருக்கு வடை, சர்க்கரை உள்ளவருக்கு பாயசம். போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இலையில் எவ்வளவு மிஞ்சியது என்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் மனசு உறுத்துகிறது.

சரி, என்ன செய்தோம்? முதியோர் மருத்துவரிடம் காட்டினோம். 1978-லேயே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கிய ஊர் நம் சென்னை. கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே தனி தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ஆகவே எங்கே போவது என்று திகைக்க வேண்டியதில்லை. மருத்துவர் டானிக் எழுதவில்லை. பல், விழுங்கும் திறன், மலச்சிக்கல், தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பசியைக் கொன்ற ஒரு மாத்திரையை மாற்றினார். "உப்பே கூடாதுன்னு யார் சொன்னது? ருசியில்லைன்னா எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று அந்தப் பத்தியத்தைத் தளர்த்தினார். எல்லாருக்கும் இது பொருந்தாது, மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இன்னொன்றும் சொன்னார். பல நாள் எதுவுமே இறங்காமல் கிடந்தவருக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்குமாம். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

இல்லத்தில் சைவச் சமையல், முட்டைக்கு வழியில்லை. அதனால் பாலில் இரண்டு ஸ்பூன் பால் பவுடர், குழைந்த பருப்பு சாதத்தில் நெய், பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, மசித்த கொண்டைக்கடலை, கெட்டித் தயிர், உதிர்த்த பன்னீர். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால், அரை வாழைப்பழம். பல்செட்டைச் சரிசெய்தோம். மூன்றாவது மாதம் 47 கிலோ. போன வாரம் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "புளி ஜாஸ்தி" என்றார். அந்தக் குறையைக் கேட்டு நான் அழுதேவிட்டேன்.

எழுந்து நிற்க முடியாதவர்களை எடை மெஷினில் ஏற்ற முடியாது. அதற்கும் வழி உண்டு. தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருமனான இடத்தை அளக்க வேண்டும், 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்கச் சொல்கிறார்கள். இல்லத்து நர்ஸிடம் சொன்னேன். பெரியம்மாவின் பழைய டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக ஹால் முழுக்க அளந்தோம். நடுவில், டேப்பை இறுக்கிப் பிடிக்காதே என்று பெரியம்மாவிடம் எனக்குத் திட்டு விழுந்தது. பதினோரு பேரில் ஏழு பேருக்கு 31-க்குக் கீழே. அந்த ஏழு பேர் வீட்டுக்கும் நிர்வாகமே போன் செய்தது. நாலு வீட்டில் உடனே வந்தார்கள். நோட்டில் இப்போது எடைக்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

வர்ற மாசி மாதம் பெரியம்மாவுக்கு 81. இந்த முறை பாயசம் வேண்டாம் என்று அண்ணனிடமும் தம்பியிடமும் பேசிவிட்டேன். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, மதியமும் ராத்திரியும் ஊட்டிவிட மட்டும் ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கப் போகிறோம். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் பொறுமையான யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.