முள்ளைப் பார்க்கிறோம், குழம்பைப் பார்ப்பதில்லை

பூனைக்கு ஆகாத உணவு எது என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சாக்லேட். விஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது, தானாகத் தேடிப் போய்த் தின்பது குறைவு. சென்னையில் காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பூனைத் தட்டில் விழுவது மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. முள்ளை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, பூண்டும் வெங்காயமும் கரைந்த குழம்பை அப்படியே வைக்கிறோம்.

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாமே ஒரே குடும்பம். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து. 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சின்ன வெங்காயத்தில் இரண்டு மூன்று. பூண்டு இன்னும் வீரியம், அதில் இதைவிடக் குறைவே போதும். வதக்கினாலும் கொதிக்கவிட்டாலும் இந்த விஷம் முறியாது. குழம்பு மீனைத் தண்ணீரில் அலசிப் போட்டால் மேல் மசாலா போகும், உள்ளே ஊறிய சாறு எங்கே போகும்? பீச் ஸ்டேஷன் பக்கம் வாங்கிவந்த அத்தோவில் (பர்மா நூடுல்ஸ்) மிச்சம் வைப்பவர்களும் கவனிக்கவும். அதில் வெங்காயமும் பூண்டு எண்ணெயும் நிறைய.

இதில் மோசமான விஷயம், தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் குறைய இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஞாயிறு தின்றது புதன்கிழமை சுருண்டு படுக்கும். 'வெயிலுக்குச் சோர்ந்திருக்கு' என்று விட்டுவிடுவோம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போட்டாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மீன் கழுவியதும், மசாலா தடவும் முன்பே இரண்டு துண்டு தனியாக எடுத்து, உப்பு கூடப் போடாமல் பத்து நிமிஷம் வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்த்து முள் எடுத்துப் போடுங்கள். 'பூனைக்குப் பச்சை மீன்தானே பிடிக்கும்' என்பார்கள். பிடிக்கும். ஆனால் மத்தி வகையிலும் கெண்டையிலும் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கிறது. வாரக்கணக்கில் அதையே பச்சையாகப் போட்டால் நடை தள்ளாடும், தலை கீழே மடங்கித் தொங்கும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். அதற்காக வேகவைத்த மீனே முழுச் சாப்பாடு ஆகிவிடாது, பூனைக்கென்று விற்கிற தீனியும் சேர வேண்டும்.

பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பேதியைத்தான் கொடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். தயிர்சாதத்திலேயே வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: பூனை உடம்புக்கு வேண்டிய டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

உணவு இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கிறார்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும்.

எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாத்திரை அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ ஆட்டோ பிடியுங்கள்.