படுத்திருக்கிற லென்ஸ்

(மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பொழுது சாய்கிற நேரம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், பெரியம்மா பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். கொழும்பிலிருந்து லீவில் வந்த பையன் புதுப் போனைச் சட்டையில் துடைக்கிறான். புது என்றால் அவனுக்குப் புது. யாரோ பாவித்து விற்றது.)

பையன்: பெரியம்மா, இங்கிருந்தே சிவனொளிபாதமலை உச்சியைக் கிட்டக் காட்டவா? 5 மடங்கு ஆப்டிகல் சூம்! படத்தை வெட்டிப் பெரிதாக்குவதில்லை, லென்ஸே கிட்டக் கொண்டுவரும்.

பெரியம்மா: இதிலா? என் கல்யாணத்துக்குப் படம் பிடித்தவரின் கெமராவுக்கு முழங்கை நீளத்தில் மூக்கு இருந்தது. உன்னுடையதற்கு மூக்கே இல்லையே.

பையன்: உள்ளே இருக்கிறது. படுத்திருக்கிறது.

பெரியம்மா: ஏன், காய்ச்சலா?

பையன்: ஐயோ! தூரத்தைக் கிட்டக் கொண்டுவர லென்ஸுக்கு நீளம் வேண்டும். போனின் தடிப்போ 8, 9 மில்லிமீட்டர். நிமிர்த்தி வைத்தால் முதுகைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் வாசலிலேயே ஒரு பட்டகம், வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற கண்ணாடிக் கட்டி. வெளிச்சம் அதில் பட்டு 90 பாகை திரும்பி, போனுக்குள் குறுக்கே ஓடும். லென்ஸ்கள், கடைசியில் படத்தைப் பதிகிற சென்சர், எல்லாம் அந்த வழியில் வரிசையாகக் கிடக்கும். நீர்மூழ்கிக் கப்பலில் இருக்குமே பெரிஸ்கோப், அந்தக் குடும்பம்.

பெரியம்மா: கப்பலுக்கு ஏன் போகிறாய், இது நம் லயத்து அறை, காம்பிராக் கதை. 10 அடிக்கு 12 அடி. அடுப்பு, பெட்டி, பிள்ளைகள் போக மிச்ச இடத்தில் உன் பெரியப்பா நேராகப் படுத்தால் கால் இரண்டும் இஸ்தோப்பில் கிடக்கும். நானே பிடித்துக் குறுக்கே திருப்பிப் போட்டேன். பட்டகமா வாங்கினேன்?

பையன்: நீங்கள் முந்திவிட்டீர்கள். ஜப்பானின் மினோல்டா கம்பனிக்கு 2002 வரை ஆனது. டிமாஜ் எக்ஸ் என்று ஒரு சின்னக் கெமரா. 20 மில்லிமீட்டர் தடிப்பு, 3 மடங்கு சூம், ஆன் செய்தாலும் மூக்கு நீளாது. பிறகு 2019-இல் ஹுவாவி பி30 ப்ரோ போனில் 5 மடங்கு. 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் வெளிச்சம் உள்ளே 4 தடவை முட்டித் திரும்புகிறதாம்!

பெரியம்மா: நாலு வளைவா? ஹட்டன் பஸ் மாதிரி. வெளிச்சம் வாந்தி எடுக்காதா?

பையன்: (காது கேளாதவன் போல) இதோ, பாருங்கள்.

(போனை நீட்டுகிறான். திரை முழுக்க வெள்ளை.)

பெரியம்மா: என்ன இது?

பையன்: மூடுபனி.

பெரியம்மா: மூடுபனியை 5 மடங்கு பெரிதாக்கவா காசு கொடுத்தாய்?

பையன்: கொஞ்சம் பொறுங்கள்... விலகுகிறது. அதோ, யாத்திரை சீசன் லைட்! ஏறுகிற வழி முழுக்க வரிசையாக எரிகிறது பாருங்கள்!

பெரியம்மா: (கண்ணைச் சுருக்கி) தெரிகிறது, தெரிகிறது. கஞ்சி மாதிரிக் கலங்கியிருக்கிறது. சரி, இந்தப் பின்பக்கக் கண்களில் படுத்திருப்பவர் எவர்?

பையன்: மற்றதெல்லாம் வட்டம். அவர் வாசல் மட்டும் சதுரம்.

(கொழுந்துக் கறை போகாத ஆள்காட்டி விரலால் பெரியம்மா அந்தச் சதுரத்தை அழுத்தி மூடுகிறார். திரையில் மலை அப்படியே நிற்கிறது. விரலை எடுக்கிறார். மலை அப்படியே. மறுபடி மூடுகிறார்.)

பெரியம்மா: தம்பி, இவர் கண்ணைப் பொத்தினாலும் படம் வருகிறதே?

பையன்: அது வந்து... வெளிச்சம் குறைந்தால்... அவருக்கு வாசல் சின்னது, போதிய வெளிச்சம் நுழையாது. அப்போது போன் பெரிய கண்ணிலேயே எடுத்து, நடுவில் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும்.

பெரியம்மா: உன்னிடம் சொல்லாமலா?

பையன்: சொல்லாது. திரையில் 5 என்றுதான் போடும்.

பெரியம்மா: அப்போ காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு மலை ஏறாத ஆள் இவர். இவர் கொழுந்தையும் சேர்த்துப் பக்கத்து நிரைக்காரி பறிக்கிறாள்.

பையன்: நாளைக்கு வெயிலில் பாருங்கள், நன்றாக வேலை செய்வார்.

பெரியம்மா: வெயிலில் மலை எனக்கே தெரியுமே. எவ்வளவுக்கு வாங்கினாய்?

(பையன் சொல்கிறான். பெரியம்மா ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்க்கிறார்.)

பெரியம்மா: முழுப் பேர், முழு நாள் சம்பளம், போட்டுக் கொடுத்திருக்கிறாய். நானாக இருந்தால் அரைப் பேர்தான் போடுவேன். அதுவும் மழை இல்லாத நாளில். இந்தா, டீ ஆறிவிட்டது.