தளர்த்தப்பட்டது யாருக்கான தகுதி?
போர்க்காலத்தில் படையில் சேர்ப்பதற்கான தகுதியைத் தளர்த்தினால் ஆள் பற்றாக்குறை தீரும், சேர்பவர்களின் குறையைப் பயிற்சி சரிசெய்யும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. வியட்நாம் போரின் நடுவே, 1966இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா இதே நம்பிக்கையில்தான் ‘ஒரு லட்சம் பேர் திட்டம்’ கொண்டுவந்தார். அதுவரை நுழைவுத் தேர்வில் கழித்துக்கட்டப்பட்ட இளைஞர்களைச் சேர்த்து, தொழில் கற்றுத் தந்து வறுமையிலிருந்து மீட்போம் என்றார். 1971க்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். ஏழைகள், கறுப்பின இளைஞர்களின் விகிதமோ மிக அதிகம். சொன்ன தொழிற்பயிற்சி சிலருக்கே கிடைத்தது, ஏராளமானோர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களும், படையில் சேராத தங்களைப் போன்றவர்களைவிட வருமானத்தில் பின்தங்கியே இருந்ததாகப் பிற்கால ஆய்வு காட்டியது. கல்லூரியில் படித்தால் கட்டாயச் சேர்ப்பைத் தள்ளிப்போட முடிந்த காலம் அது. அந்தச் சலுகையில் கைவைக்கத் தயங்கித்தான் இவர்களை இழுத்தார்கள். கட்டுரை இதைத் தொடாமல் போனது பெரிய குறை.