தொட்டிக்கு எதுக்கு ஜன்னல்?

(கிரேக்க நாட்டின் தென்கிழக்குக் கரை. கடலுக்குள் நிற்கும் ஒரு பெரும்பாறை. அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கோட்டை ஊர் மொனெம்வாசியா. ஏதென்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஸ்தாவ்ரோஸ், மூச்சிரைக்க, அறை வாடகைக்கு விடும் மரியா பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்கு மூன்றே சக்கரம்.)

ஸ்தாவ்ரோஸ்: என்ன பாட்டி, காரைக் கோட்டை வாசல்லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க?

மரியா: பின்னே? ஊர் பேரே ‘ஒரே வாசல்’தான். மோனி எம்வாசிஸ். அதுல கழுதை நுழையும், கார் நுழையாது.

ஸ்தாவ்ரோஸ்: அந்த வாசலுக்குள்ள இருட்டா ஒரு வளைவு. அங்கதான் சக்கரம் கல் இடுக்குல மாட்டி, கழண்டு, உருண்டு போயிடுச்சு.

மரியா: எதிரிப் படையே திணறணும்னு வளைச்சுக் கட்டின வழி தம்பி அது. உன் பெட்டி எம்மாத்திரம்!

(குனிந்து, அறைக்குள் நுழைகிறார்கள். ஸ்தாவ்ரோஸ் நிமிர்கிறார். ‘ணங்’.)

ஸ்தாவ்ரோஸ்: ஐயோ! பாட்டி… ஜன்னல் எங்கே?

மரியா: தண்ணித் தொட்டிக்கு எதுக்குய்யா ஜன்னல்?

ஸ்தாவ்ரோஸ்: தொட்டியா!

மரியா: இந்தப் பாறையில ஆறா ஓடுது? வீட்டுக்கு வீடு அடியில தொட்டி கட்டி மழைத் தண்ணியைச் சேர்த்தாங்க. சுவரைத் தடவிப் பாரு, இளஞ்சிவப்பா இருக்குல்ல? சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைச்சுப் பூசினது. ஒரு சொட்டு வெளியே போகாது.

ஸ்தாவ்ரோஸ்: போன் சிக்னலும் உள்ளே வராது போலிருக்கே.

மரியா: போர்த்தெல்லோவுக்குப் போ, சும்மா கொட்டும். கடல் மதில்ல இருக்கற சின்ன வாசல்.

ஸ்தாவ்ரோஸ்: ஒரே வாசல்னீங்க?

மரியா: அது ஊருக்குள்ள வர. இது கடல்ல குதிக்க.

ஸ்தாவ்ரோஸ்: சரி, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

மரியா: ஒம்பதரை.

ஸ்தாவ்ரோஸ்: அவ்வளவு நேரமா? நான் ஏழு மணிக்கே…

மரியா: 1821-ல நம்மாளுங்க இந்தக் கோட்டையை நாலு மாசம் முற்றுகை போட்டாங்க. உள்ளே இருந்த துருக்கிக்காரங்க பசி தாங்காம ஜூலையில சாவியைக் கொடுத்தாங்க. நாலு மாசம்! உனக்கு ரெண்டரை மணி நேரம் ஆகாதா?

ஸ்தாவ்ரோஸ்: அவங்க ராத்திரிக்கு நூத்தியிருபது யூரோ கொடுக்கலையே பாட்டி! இருங்க, ரெவ்யூ எழுதறேன்.

மரியா: தாராளமா எழுது. கவிஞர் ரிட்ஸோஸ் 1909-ல பொறந்த ஊரு. எழுதறவங்கன்னா எங்களுக்குத் தனி மரியாதை. (கோப்பையை நீட்டி) இந்தா, மால்வாசியா. எங்க ஊர் பேர்ல உலகமெல்லாம் போன ஒயின். இங்கிலாந்துல ஒரு ராஜாவோட தம்பியை இந்த ஒயின் பீப்பாயிலயே முக்கிக் கொன்னதாக் கதை உண்டு.

ஸ்தாவ்ரோஸ்: (குடித்ததைத் துப்பப் பார்த்து) தொட்டிக்குள்ள படுக்கப் போறவன்கிட்ட சொல்ற கதையா இது?

மரியா: அது நிறைஞ்ச பீப்பாய். இது காலித் தொட்டிதானே.

(ஸ்தாவ்ரோஸ் கட்டிலில் மல்லாந்து விழுகிறார். நேர் மேலே, வளைந்த கூரையின் நடுவில், தட்டு அளவுக்கு ஒரு வட்டம்.)

ஸ்தாவ்ரோஸ்: அது என்ன?

மரியா: கூரைத் தண்ணி இறங்கற வழி. என் மருமகன் அடைச்சுட்டான்.

ஸ்தாவ்ரோஸ்: மருமகன் கொத்தனாரா?

மரியா: மீன் பிடிக்கறான்.

ஸ்தாவ்ரோஸ்: பாட்டி!

மரியா: ஆகஸ்ட்ல எங்கய்யா மழை பெய்யப் போகுது? நிம்மதியாத் தூங்கு. (வாசல் வரை போய், திரும்பி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைக்கிறார்.) சும்மா, அழகுக்கு.