கேபிள் மட்டும் போதாது
பழைய வீடியோ கேம் கன்சோலை டியூப் மானிட்டரில் இணைப்பது பற்றிய இந்தக் கட்டுரை, ‘ஸ்கார்ட்–பிஎன்சி கேபிளைச் செருகினாலே படம் வந்துவிடும்’ என்று சொல்வது பாதிதான் சரி. (ஸ்கார்ட் என்பது ஐரோப்பிய டிவிகளின் 21 பின் இணைப்பு; பிஎன்சி என்பது மானிட்டரில் திருகிப் பூட்டும் வட்ட இணைப்பு.) சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்கள் போக, ஸ்கார்ட்டின் டிவி முனையில் 20ஆம் பின்னில் வரும் சிங்க்கை (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்) மானிட்டரின் எக்ஸ்டெர்னல் சிங்க்கில் கொடுத்து, முகப்புப் பொத்தானிலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் படம் உருண்டுகொண்டே இருக்கும். சேகா மெகா டிரைவ் கன்சோலின் சி-சிங்க்கை (படம் கலக்காத தனி சிங்க் சிக்னல்) எடுத்தால் 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவது நல்லது. மேலே பின்னூட்டத்தில் ஏற்காட்டு நண்பர் படம் வெளுப்பதாக எழுதியிருக்கிறார்: முதலில் மானிட்டரின் 75 ஓம் டெர்மினேஷனை (சிக்னல் கம்பியின் முடிவில் இருக்க வேண்டிய மின்தடை) பாருங்கள். அது சரியென்றால் கேபிள்தான். பிஏஎல் (ஐரோப்பிய) சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு ஒவ்வொரு நிறக் கம்பியிலிருந்தும் கிரவுண்டுக்கு 75 ஓம் வேண்டும். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய) மாடலுக்கு அதற்குப் பதில் ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், தொடராக. மாற்றிப் போட்டால் ஒன்று வெளுக்கும், மற்றொன்று மங்கும். ஒயருக்காகச் சென்னைக்கு ஆர்டர் போட வேண்டாம், சேலத்து சிசிடிவி கடைகளில் ஆர்ஜி59 என்ற 75 ஓம் ஒயரைக் கேட்டால் போதும். ஆர்ஜி58 கொடுத்தால் வேண்டாம், அது 50 ஓம்.